பழைய சிறு தையல் மெசின்களை வாங்குவதும் சீர்செய்வதும்

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். அம்மம்மாவிடமிருந்து வந்த சிங்கர் 99 கே கைமெசின், கைப்பிடியைச் சுற்ற முடியாத அளவுக்கு இறுகிப் போயிருக்கிறது, அதை எப்படி இளக்குவது என்பது முதலாவது. கறுப்பு மங்கிப் பொன்னிறப் பூவேலையும் அங்கங்கே அழிந்திருப்பதால் புதிதாகப் பெயின்ட் அடித்து, ஒரு மோட்டாரும் பூட்டிவிடலாமா என்பது இரண்டாவது. இதைத் தொடர்ந்து இப்படியான சிறிய மெசின்களைச் சேர்க்கத் தொடங்கினால் கொழும்பில் எவற்றை, எதைப் பார்த்து வாங்குவது என்பது மூன்றாவது. இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எடுக்கும் பிழையான முடிவைப் பிறகு யாராலும் திருத்த முடியாது.

பெயின்ட் அடிக்க வேண்டாம். இந்த மெசின்களில் இருக்கும் கறுப்பு, இன்று ஹார்ட்வெயார் கடையில் ரின்னில் வாங்கும் எனாமல் பெயின்ட் வகையைச் சேர்ந்ததல்ல. நிலக்கீல் கலந்த கறுப்பு வாணிஷை வார்ப்பிரும்பின் மேல் பூசி, சூளையில் வைத்துச் சுட்டு இறுக்கிய பூச்சு அது. அதன் மேல் பூவேலையை ஒட்டுப்படமாகப் பதித்து, அதற்கும் மேலே மெல்லிய, ஊடுருவித் தெரியும் வாணிஷ் ஒன்றைப் பூசியிருப்பார்கள். நாம் பொன்னிறம் என்று பார்ப்பதில் ஒரு பங்கு இந்த மேற்பூச்சின் மஞ்சள் சாயலால் வருவது. மேற்பூச்சு தேய்ந்துபோனால் பூவேலை வெள்ளி நிறமாகத் தெரியத் தொடங்கும். உங்கள் மெசினின் முன்விளிம்பில், தைப்பவரின் கையும் துணியும் நாள்தோறும் உராய்ந்த இடத்தில், இதைத்தான் நீங்கள் காண்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தேய்மானத்தை ஒரு குறையாக நான் கருதுவதில்லை. ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, இணையத்தில் வாங்கிய புதுப் பூப்படம் ஒட்டிய மெசினைச் சேகரிப்பாளர் எவரும் விரும்பி வாங்குவதில்லை. அழகு ஒருபுறம் இருக்க, அப்படி மீளப் பெயின்ட் அடித்து என் கைக்கு வந்த மெசின்கள் பலவற்றில் எண்ணெய் விடும் துளைகள் பெயின்டால் அடைபட்டிருந்தன, அதனால் வெளியே பளபளப்பும் உள்ளே வறட்சியுமாக அவை மறுபடி இறுகிப்போயிருந்தன.

இருக்கும் பூச்சைச் சுத்தம் செய்வதற்கு நல்ல தையல் மெசின் எண்ணெயும் பழைய பருத்தித் துணியும் போதும். எண்ணெயைப் பூசிச் சிறிது நேரம் விட்டு, மெதுவாகத் துடைத்து, அழுக்கு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஸ்பிரிட் மட்டும் மெசினுக்குக் கிட்டவும் வரக்கூடாது. மேற்பூச்சில் அரக்குச் சேர்ந்திருப்பதால் ஸ்பிரிட் பட்டவுடன் அது கரைந்து, துடைக்கும் துணியிலேயே பூவேலையும் போய்விடும். கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அமோனியா இருப்பதால் அவையும் ஆகாது. பிராசோவை வெள்ளை உலோகப் பாகங்களுக்கு, அவற்றைக் கழற்றி எடுத்த பிறகு, பயன்படுத்தலாம். கறுப்பின் மேல் தேய்த்தால் அதிலுள்ள நுண்துகள் சில நிமிடங்களில் பொன்னை வெள்ளியாக்கிவிடும். மேற்பூச்சு மிகவும் வறண்டு மங்கியிருந்தால் தச்சர்கள் செய்யும் பிரெஞ்ச் பொலிஷ் முறையால் அதை உயிர்ப்பிக்கலாம், ஆனால் பூவேலை இல்லாத இடத்தில் கை பழகிய பிறகே அதைத் தொட வேண்டும். மழைநாளில் செய்தால், காற்றிலுள்ள ஈரத்தால் அரக்குப் பூச்சு வெண்பனி படிந்ததுபோல் வெளிறிவிடும் என்பதால், கொழும்பில் இந்த வேலைக்குத் தை மாசி மாதங்களின் வறண்ட காலைப்பொழுதே பொருத்தமானது.

இனி இறுக்கத்துக்கு வருவோம். வெளியே துரு கண்ணுக்குத் தெரிந்தாலும், இந்த வகை மெசின்கள் இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் துருவன்று, காய்ந்த எண்ணெய்தான். நம் வீடுகளில் மெசின் எண்ணெய் தீர்ந்தால் குசினியிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து விடுவது வழக்கமாக இருந்தது. அது நாட்பட ஊசிப்போய், தும்பும் தூசியும் சேர்ந்து, பிசின் போலத் தண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ ‘சுற்றவே முடியாது’ என்று மலிவாக விற்கப்படும் மெசின், சில வேளைகளில் கொழும்பு வெக்கையில் இரண்டு நாள் இருந்தாலே பாதி இளகிவிடும்.

எவ்வளவு இறுகியிருந்தாலும் கைப்பிடியைப் பலங்கொண்டு சுற்றக்கூடாது, ஏனென்றால் அடைப்பு இளகுவதற்கு முன்னரே கைப்பிடியின் பற்சக்கரம் உடைந்துவிடலாம். மெசினைப் பின்பக்கமாகச் சரித்து, உலோகத்தின் மேல் உலோகம் அசையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளி மண்ணெண்ணெய் விடுங்கள்: மேலேயுள்ள துளைகள், இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றினால் தெரியும் ஊசித்தண்டு, பாதத்தண்டு, அடிப்பாகத்தில் குறுக்கே ஓடும் தண்டுகளின் முனைகள். கறுப்புப் பூச்சின் மேல் வழிந்ததை உடனே துடைத்துவிட்டு ஓர் இரவு அப்படியே விட வேண்டும். மறுநாள் சில்லைக் கையால் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினால் மயிரிழை அளவாவது அசைவு தெரியும். அது தெரிந்துவிட்டால் மிச்சம் பொறுமையின் வேலைதான். ஒரு வாரமானாலும் அசையாவிட்டால், மண்ணெண்ணெயை முழுவதும் துடைத்து ஆறவிட்ட பிறகு, தலைமயிர் உலர்த்தியால் தண்டுகளுக்குச் சூடு காட்டலாம். மண்ணெண்ணெய் உராய்வுக்கு ஈடு கொடுக்கும் எண்ணெயல்ல, பழைய பிசினைக் கழுவிக்கொண்டு போவது மட்டுமே அதன் வேலை. ஆகவே எல்லாம் இளகியதும் அதே இடங்கள் அனைத்திலும் தையல் மெசின் எண்ணெய் விட்டாக வேண்டும். டபிள்யூ.டி. 40 தெளித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். அடிப்பாகத்துத் தண்டுகள் சிலவற்றைக் கூம்பு முனையுள்ள ஸ்குருக்கள் தாங்கிப் பிடித்திருக்கும். அவற்றைத் திருகிப் பார்க்க வேண்டாம். தொழிற்சாலையில் அளந்து வைத்த இடம் அது, கால் சுற்று மாறினாலும் மெசின் இறுகும் அல்லது கடகடக்கும்.

அடுத்ததாக ஊசித்தகட்டைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்குருக்கள்தான், ஆனால் அவற்றின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரு ட்ரைவர் இருந்தால் மட்டும் கை வையுங்கள். சிங்கர் ஸ்குருக்களின் புரி அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் வெட்டப்பட்டது. ஒன்று தொலைந்தால் பஞ்சிகாவத்தை முழுவதும் அலைந்தாலும் வாகன ஸ்குரு எதுவும் பொருந்தாது, அழிந்த இன்னொரு சிங்கரிலிருந்துதான் எடுக்க வேண்டும். தகட்டின் கீழே, துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில், பல ஆண்டுத் தும்பு அமுங்கிக் கெட்டியான ஒரு பட்டையாகப் படிந்திருக்கும். ஊசிமுனையால் ஓரத்தைக் கிளப்பினால் சில வேளைகளில் முழுத் துண்டாகவே எழும்பி வரும். பற்கள் தகட்டுக்கு மேலே போதிய அளவு எழாததற்கும் தையல் குறுகிக் குறுகி விழுவதற்கும் அதுவே காரணம். 99இல் பொபின் இருக்கும் குழியின் ஓரத்தில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காக ஒரு சிறிய சிவப்புக் கம்பளித் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அதையும் குப்பையென்று நினைத்துத் தும்போடு சேர்த்துப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டு, அதில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

சீர்செய்தவர்களைப் பெரிதும் குழப்பும் இடம் சில்லின் நடுவிலுள்ள வட்டத் திருகு. பொபினில் நூல் சுற்றும்போது அதைத் தளர்த்தினால் சில்லு மட்டும் சுழலும், ஊசி நிற்கும். அதற்குள்ளே, உட்புறமாக இரண்டு சிறு நாக்குகள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. சுத்தம் செய்து திரும்பப் பூட்டும்போது நாக்குகளின் மடிப்பு வெளியே உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்படிப் பூட்டியும் திருகு இறுகவில்லை, அல்லது தளர்த்தினாலும் ஊசி நிற்கவில்லை என்றால், வளையத்தைப் பக்கம் மாற்றாமல் அரைச் சுற்று மட்டும் சுழற்றி வைத்துப் பாருங்கள். ‘கைப்பிடி சுற்றுகிறது, ஊசி அசையவில்லை’ என்று கழித்து விற்கப்படும் மெசின்களில் கோளாறு பல வேளைகளில் இந்த ஒரு வளையத்தில்தான் இருக்கும்.

மெசின் சுழன்றும் தையல் சரியாக விழாவிட்டால் உடனே பொபினைக் குறை சொல்ல வேண்டாம். துணியின் அடிப்பக்கம் வளையம் வளையமாக நூல் தொங்கினால் பிழை மேல்நூலில் இருக்கிறது. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நூல் இரண்டு இறுக்கத் தட்டுகளுக்கும் நடுவே உட்காரும்படி கோர்க்க வேண்டும், தட்டுகளுக்கு நடுவே ஒரு துணிக் கீற்றை இழுத்து அழுக்கை எடுக்க வேண்டும். கைமெசினின் கைப்பிடியை நமக்கு எதிர்ப்பக்கமாக, முன்னோக்கித் தள்ளிச் சுற்ற வேண்டும் என்பதும் இப்போது பலருக்குத் தெரியாது. உள்ளே பற்சக்கரம் திசையை மாற்றுவதால் சில்லு நம்மை நோக்கியே சுழலும்.

99க்கு ஊசி பிரச்சினையில்லை. 15×1 என்றும் எச்ஏ×1 என்றும் விற்கப்படும் சாதாரண வீட்டு மெசின் ஊசியே போதும், 14ஆம் இலக்கம் பெரும்பாலான பருத்தித் துணிகளுக்குப் பொருந்தும். தகட்டின் கீழே மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி கடந்துபோகும் பக்கம் ஊசியின் தட்டையான பக்கம் வரவேண்டும், நீண்ட பள்ளம் இருக்கும் மறுபக்கத்திலிருந்து நூலைக் கோர்க்க வேண்டும். வழிகாட்டிப் புத்தகம் இல்லாத எந்தப் பழைய மெசினையும் இந்த விதியை வைத்துக்கொண்டு கோர்த்துவிடலாம். பொபினில்தான் கவனம் வேண்டும். 99 எடுப்பது 66 வகைப் பொபின், அதன் இரு பக்கங்களும் சற்றே குவிந்திருக்கும். புறக்கோட்டைக் கடைகளில் பொபின் என்று கேட்டதும் எடுத்துத் தருவது 15 வகை, அதாவது உஷா, பட்டர்ஃபிளை போன்ற கால்மெசின்களுக்கான தட்டைப் பொபின். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது உங்கள் மெசினில் நூலைச் சிக்கவைக்கும், ஆகவே பழைய பொபினையே மாதிரிக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

வளைந்த மரப்பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் பூட்டு நம்பத்தக்கதல்ல. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது பூட்டு நழுவி, வார்ப்பிரும்பு மெசின் காலில் விழும். அடியிலே ஒரு கையைக் கொடுத்தே தூக்க வேண்டும். பெட்டி ஒட்டப்பட்டது விலங்குப் பசையால் என்பதால் நம் ஈரக்காற்றில் மேற்படலம் கிளம்பும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையிட்டு அழுத்தி வைத்தால் அது படியும், கடும் வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பவர்கள் மெசினைப் பொலித்தீனால் கட்டி வைக்கக்கூடாது. உப்பு ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெள்ளைப் பாகங்களில் மெல்லிய எண்ணெய் தடவி, பருத்தித் துணியால் மூடி வைத்து, அவ்வப்போது எடுத்து ஓட்டினால் போதும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, கைப்பிடி பூட்டியிருக்கும் அதே மேடையில் மோட்டாரையும் பூட்ட முடியும், மெசினில் துளையிட வேண்டியதில்லை. ஆகவே அது மீளக்கூடிய மாற்றம்தான். இருந்தாலும் கைமெசினைக் கைமெசினாகவே வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன். மின்சாரத்தில் தைக்க வேண்டுமானால் அதற்கென்று வேறு மெசின் வாங்கலாம், அம்மம்மாவின் கைப்பிடியையும் அதற்குரிய ஆரக்கால் சில்லையும் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டால் அவை மெசினோடு திரும்பச் சேர்வது அரிது.

சேகரிப்பைப் பற்றி என் கருத்து ஒன்றே ஒன்று: பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், முழுமையைப் பார்த்து வாங்குங்கள். அழுக்கும் இறுக்கமும் நம் கையால் தீரும், ஆனால் காணாமல் போன சிறு பாகத்துக்கு மெசினின் விலையை விடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வரலாம். 99இல் பொபினை மூடும் நழுவுதகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட மூத்ததான முக்கால் அளவு 28 கேயிலும் பின்வந்த 128 கேயிலும், துப்பாக்கித் தோட்டா வடிவ ஷட்டிலும் அதற்குள் போகும் நீண்ட ஒல்லிப் பொபினும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த ஷட்டில் பாட்டன் கால நெசவுத்தறியின் ஓடத்தைப் போல முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்ப்பதற்காகவே நான் 28ஐ விரும்புகிறேன். அதற்கும் ஊசி 15×1தான் என்பது பெரிய வசதி.

பெயரிலுள்ள ‘கே’ ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கிலிருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கிறது. அது 1980இல் மூடப்பட்டது, ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர். சிங்கர் இலங்கையில் வியாபாரம் தொடங்கியது 1877இல் என்பதால், தவணை முறையிலும் சீதனமாகவும் நம் வீடுகளுக்குள் வந்த கில்போவி மெசின்கள் ஏராளம். மெசினின் வயதை அடித்தட்டில் வலப்பக்கம் பொறித்த தொடர் இலக்கத்திலிருந்து அறியலாம். வெறும் இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 1900க்கு முந்தையது, ‘வை’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் 1920களையும் 1930களின் முற்பாதியையும் சேர்ந்தது, ‘ஈ’யில் தொடங்கும் இரட்டை எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது. முன்புறச் சிறு பித்தளை வில்லையின் ஓரம் நீலமாக, 1851 – 1951 என்று பொறித்திருந்தால் அது நூற்றாண்டு நினைவு வில்லை. அது அழகானதுதான், ஆனால் விலையை இரட்டிப்பாக்கும் அளவுக்கு அரியதல்ல.

இன்னும் சிறியவை வேண்டுமானால் சிறுவர்களுக்கான சிங்கர் 20ஐத் தேடலாம். உள்ளங்கை இரண்டில் அடங்கும் இந்த மெசின் 1910 அளவில் வந்தது, மேசை விளிம்பில் பிடியால் இறுக்கி வைத்து, ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுவது. அதற்கு 24×1 என்ற வேறு ஊசி வேண்டும், அது கொழும்புக் கடையில் கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். சங்கிலித் தையலில் கடைசி முடிச்சைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் அவிழ்ந்துவிடும், அது மெசினின் பழுதல்ல. ஜெர்மனியின் காசிகே, இங்கிலாந்தின் வல்கன் போன்ற பொம்மை மெசின்களும் உண்டு. காசிகேயின் அடியில் ‘பிரிட்டிஷ் வலயம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜெர்மனி பிரித்து ஆளப்பட்ட காலத்தது. தகரத்தால் ஆனவை என்பதால் இவற்றை நம் கடற்காற்று விரைவில் தின்றுவிடும்.

கொழும்பில் தேட வேண்டிய இடங்களில் பழம்பொருள் கடை கடைசியாக வரவேண்டும். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது சாமான் எடுப்பவர்கள், போத்தல் பேப்பர்காரர்கள், தையற்கடைகளுக்கு மெசின் திருத்தும் வயதான பாஸ்மார் ஆகியோரிடம் சொல்லி வைப்பதே பயன் தரும். கால்மெசின் நிலைகளை உணவகங்களுக்கு மேசையாக்கும் வழக்கம் வந்ததிலிருந்து, மேலேயிருந்த மெசின்கள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. அவை பெரியவை என்றாலும் ஸ்குருவுக்கும் முகத்தகட்டுக்கும் ஒன்றை வாங்கிப் போட்டு வைப்பது நல்லது. விலை பேசும்போது பழைய சிங்கருக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் பரவி, அங்கே பழைய மெசின்களின் விலையைத் தலைகால் தெரியாமல் ஏற்றிவிட்ட வெறும் வதந்தி அது.

மின்சாரத்தில் ஓடும் சிறு மெசின் என்றால், அலுமினியத்தால் ஆன, ஐந்து கிலோ அளவே நிறையுள்ள சிங்கர் 221 என்பதே எல்லோரும் தேடுவது. 1933இல் அமெரிக்காவில் அறிமுகமானது. பின்னாளில் கில்போவியிலும் 221 கேயாகச் செய்யப்பட்டது. சட்டைக் கை போன்றவற்றைச் செருகித் தைக்கக்கூடிய குழாய்க் கையுள்ள 222 கே 1953இல் வந்தது. ஜெனீவாவில் 1940இல் வந்த பச்சை நிற எல்னாவும், அதன் பெட்டியே மேசையாக விரிவதும், இங்கே மிக அரிது. 221 வாங்கும்போது பொபின் கூடு உள்ளே இருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள், தனியாக வாங்கப் போனால் அதன் விலையைக் கேட்டுத் திகைப்பீர்கள். அதன் மோட்டாருக்கு எண்ணெய் விடக்கூடாது, அதற்கென்று உள்ள கிறீஸ் மட்டுமே. பழைய வயரின் ரப்பர் உறை நம் வெக்கையில் பொடியாக உதிர்ந்திருக்கும். பிரித்தானிய மெசின்களில் வானொலி இரைச்சலைத் தடுப்பதற்காக வைத்த மின்தேக்கியும் வயதாகிப் பழுதடைந்திருக்கலாம், ஆகவே எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 221 பெரும்பாலும் 110 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டுக்கு மின்மாற்றி இல்லாமல் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். ஓடுகிறதா என்று காட்டுகிறேன் என்று விற்பவர் பிளக்கை எடுத்தால், நீங்கள் தகட்டைப் படித்து முடிக்கும்வரை அவரைப் பொறுக்கச் சொல்லுங்கள்.